டப்பா, கேளு

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே பாதித் தூக்கத்தில்தான் நடமாடும். மலை இருந்த இடத்தில் மலை இருக்காது. வெள்ளையாக ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கும். கோமதி வேலை பார்க்கிற மென்பொருள் அலுவலகத்தின் மாடி ஜன்னலில் அந்த வெள்ளை வந்து ஒட்டிக்கொண்டு, இங்கே என்னதான் நடக்கிறது என்று நாள் முழுக்க எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு ஆனி மாதக் காலையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, வழக்கம்போல முதல் வரியை அடித்தாள்.

'டப்பா, கேளு.'

நிரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேலையைத் தொடங்குமுன் மனசில் கிடக்கிற பாரத்தை ஒரு வரியாக அடிப்பாள். அடித்த கையோடு அழித்துவிடுவாள். அப்புறம்தான் விரல் ஓடும். 'டப்பா, கேளு. வீட்டுக்காரம்மா மறுபடியும் மோட்டார் போட மறந்துட்டா.' அழி. 'டப்பா, கேளு. அம்மா நினைப்பாகவே இருக்கு.' அழி. பல் தேய்க்காமல் காப்பி குடிக்கிறவர்களைக்கூடப் பார்த்துவிடலாம். முதல் வரி எழுதாமல் வேலையைத் தொடங்கிய கோமதியைப் பார்க்க முடியாது.

அன்றைக்கு அவள் மேற்கொண்டு அடிக்குமுன்னே, நிரல் எழுதுகிற எடிட்டர் முந்திக்கொண்டது. அந்த எடிட்டருக்குத் 'தோழி' என்று பெயர். நாம் நாலு எழுத்து அடித்தால் மீதி நாற்பதை அதுவே ஊகித்து, வெளிர்சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுதிக் காட்டும். பிடித்தால் ஏற்றுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் நிரல் எழுதினார்கள், ஏனென்றால் இலவசம். காசு வாங்காதவன் வேறே என்னத்தை வாங்குகிறான் என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது?

'டப்பா, கேளு. இன்னைக்கும் மாவுக்கு உப்புப் போட மறந்துட்டேன். மனசு ஒரு இடத்தில நிக்க மாட்டேங்கு.'

சாம்பல் எழுத்துகள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த மூச்சு மாதிரி நின்றன. கோமதியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரை 'டப்பா' என்று கூப்பிட்டு 'கேளு' என்று சொல்கிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி கோமதி. இன்னொருத்தி அவள் தங்கை உலகம்மை. அவளும் நிரல் எழுதுகிறவள்தான், பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனால் அக்காளும் தங்கையும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

படிக்கிற காலத்தில் வீட்டில் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் காற்றாடி போடுகிற சத்தத்தில் தெரு நாய் எழுந்து ஓடும். அதுதான் டப்பா. மாறி மாறி உட்காருவார்கள். சண்டை வரும், பேச்சு நிற்கும், படிப்பு கெடும். கடைசியில் தங்கை உலகுதான் ஒரு விதி வைத்தாள். "மனசில உள்ளதை மொதல்ல டப்பாட்ட சொல்லிருவோம். ஒருத்தி எழுதி அழிக்கிற வரைக்கும் இன்னொருத்தி சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கணும். அழிச்சதும் தோளைத் தொட்டு 'திரும்பு'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் திரும்பக் கூடாது." விளையாட்டாக ஆரம்பித்தது, வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அப்படியே ஓடியது.

ஒரு நாள் கோமதி திரும்பி நின்ற சுவரில் தாத்தாவின் போட்டோ மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில் திரை தெரிந்தது. எழுத்து வலம் இடமாக மாறித்தான் தெரிந்தது, ஆனால் ஆசை இருந்தால் கண்ணுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா? படித்துவிட்டாள். 'டப்பா, கேளு. ஜெரோமைத்தான் கட்டிக்கிடப் போறேன். அக்காட்ட மட்டும் அடுத்த வாரம் சொல்லணும்.'

அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். தங்கை அவசரப்பட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வாளோ என்ற பயத்தில் கோமதி அன்றைக்கே அம்மாவிடம் போய்ச் சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். நல்லது என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி செய்கிற காரியம் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது. வேற்று மதத்துப் பையன் என்றதும் வீடு ரெண்டுபட்டது. உலகுவின் போனைப் பிடுங்கினார்கள், வேலையை விடவைத்தார்கள், கோவில்பட்டி அத்தை வீட்டில் கொண்டுபோய் அடைத்தார்கள். அவள் அங்கேயிருந்து கிளம்பிப் போய் ஜெரோமைத்தான் கட்டிக்கொண்டாள். போகிற அன்றைக்கு அக்காவிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"நீ படிச்சதுகூட எனக்குப் பெரிசா தோணலைக்கா. தோளைத் தொடுற வரைக்கும் திரும்பாம நிப்பேன்னு நெனச்சேன் பாரு, அதுதான்."

அந்த உலகுதான் இப்போது சாம்பல் நிறத்தில் வந்து உப்புப் போட மறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோமதிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பானேன்? மறுநாள் நேரத்தோடு வந்து உட்கார்ந்தாள். 'டப்பா, கேளு' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். தன் பாரத்தை எழுதுகிற எண்ணமே போய்விட்டது, தங்கை என்ன சொல்கிறாள் என்று பார்த்தால் போதும். சில நாள் ஒன்றும் வராது. சில நாள் வரும். ஜெரோம் கப்பல் வேலைக்குப் போயிருப்பது வந்தது. மாடியில் வைத்த ரோஜா துளிர்விட்டது வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை கரைந்துபோய்க் கிடக்க, உள்ளே தங்கை வீட்டு மாடியில் ரோஜா துளிர்க்கிறது. கனவில் வீட்டுக்குள் நடமாடுகிறவளைப் போல அவள் தங்கை வீட்டுக்குள் நடமாடினாள்.

அப்புறம் ஒரு நாள் இது வந்தது.

'டப்பா, கேளு. குளிக்கையில மாரில கட்டி மாதிரி தட்டுப்படுது. பட்டாணி அளவுதான் இருக்கும்.'

கோமதி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு முகத்தைச் சாரலில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் புதுசாக ஒரு வேலை வந்து விழுந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் விவரங்களைப் பார்த்துக்கொள்கிற மென்பொருள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார்கள்: நிரல் எழுதுகிற இடத்திலிருந்து ஒரு எழுத்து வெளியே போகக் கூடாது. முதலாளி பிரான்சிஸ் சார் கோமதியையும் தாஜுதீனையும் கூப்பிட்டார்.

"எந்த எடிட்டர் வேணும்னு நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க. ஓப்பன் சோர்ஸா இருக்கட்டும். புதன்கிழமைக்குள்ள சொல்லணும், கோமதி. கையெழுத்து நீங்கதான் போடணும்."

தாஜுதீன் கடையநல்லூர்ப் பையன். கல்யாணமாகி ஒரு வருஷம். பாதுகாப்பு விஷயமெல்லாம் அவன் பொறுப்பு. கோமதியை 'யக்கா' என்றுதான் கூப்பிடுவான். ஒவ்வொரு எடிட்டராக ஏற்றி, அதிலிருந்து வெளியே என்ன போகிறது என்று குழாய்க்கு மீட்டர் வைக்கிற மாதிரி வைத்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தவன் முகம் சரியில்லை.

"யக்கா, தோழி நம்ம எழுதுறதை மட்டும் அனுப்பல. எழுதி அழிக்கிறதையும் அனுப்புது."

"அழிச்சதை வச்சு அது என்ன செய்யும்?" என்றாள் கோமதி, தெரியாதவள் மாதிரி.

"அதுதான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். மனுசன் எதை எழுத வந்து தயங்குதான்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன எழுதுவான்னு ஊகிக்க முடியும். எல்லாரும் அழிச்சதையும் தினமும் வாங்கிப் படிச்சுக்கிடுது. யாராவது அதே மாதிரி ஆரம்பிச்சா, இவன் அழிச்சதை அவனுக்கு எடுத்து நீட்டுது. யாருதுன்னு மட்டும் அவன்ட்ட சொல்லாது."

"மத்ததெல்லாம்?"

"ரெண்டாவது ஒண்ணு, ஓப்பன் சோர்ஸ்னுதான் பேரு. மூலநிரலை யாரு வேணும்னாலும் படிக்கலாம், படிச்சேன், சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நாம இறக்கிக்கிடுத பொட்டலத்தில எதையோ சேத்து அடைச்சிருக்கான். சமையல் குறிப்பை ஊருக்கெல்லாம் காட்டிட்டு, பரிமாறும்போது வேற குழம்பை ஊத்துத கதை. மூணாவது, வெள்ளைத்தாள். அதை மூலநிரல்ல இருந்து நானே கட்டிப் பாத்தேன். அவங்க தாற பொட்டலமும் நான் கட்டினதும் அச்சு அசலா ஒண்ணு. மூணு நாள் மீட்டர் வச்சிருந்தேன், ஒரு சொட்டு வெளிய போகல."

"அதுல சாம்பல் எழுத்து வருமா?"

"எங்க வரும்? வெறும் தாள்தான். நாம எழுதினா உண்டு."

கோமதி வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. "தோழியே இருந்துட்டுப் போகட்டுமே, தாஜு. அனுப்பாதேன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா? அதை அணைச்சுட்டா போச்சு."

தாஜுதீன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அலுவலகத்தில் ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் கேட்டாலே எரிந்து விழுகிறவள் அவள்தான்.

"அணைச்சுப் பாத்தேன்க்கா. பொத்தான்தான் அணையுது, போறது நிக்கல." நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒண்ணு சொல்லுதேன். எங்க வாப்பாவுக்கு மறதி வந்துட்டு. போன மாசம் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வீட்டுக்கு வழி தெரியாம நின்னுருக்காங்க. யாருட்டயும் சொல்லல, எங்க உம்மாட்டகூட. ஒரு நாள் மனசு கேக்காம இங்க உக்காந்து எழுதிட்டு அழிச்சேன். அடுத்த வாரம் ஒருத்தன் போன் போட்டு, ஞாபக சக்திக்கு மாத்திரை இருக்கு, உங்க தகப்பனாருக்கு வேணுமாங்கான். எங்க வாப்பா மானத்தை நானே கொண்டுபோய்ச் சந்தையில வச்ச மாதிரி ஆயிட்டுல்லா?"

அவன் கண் கலங்கியிருந்தது. தப்பு செய்தவள் எந்த முகத்தோடு தேற்றுவாள்?

"புதன்கிழமை வரைக்கும் டயம் குடு, தாஜு" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் சாம்பல் எழுத்து காத்திருந்தது.

'டப்பா, கேளு. கட்டியில ஊசி போட்டு எடுத்து சோதிக்கணுமாம். வார திங்கள் மத்தியானம். ஜெரோம்ட்ட இப்ப சொன்னா நடுக்கடல்ல கெடந்து தவிப்பான்.'

செவ்வாய்க்கிழமை வந்தது சின்ன வரிதான்.

'டப்பா, கேளு. அக்கா இருந்தா கூட வந்திருப்பா.'

படித்த மாத்திரத்தில் கோமதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலைவலி என்று நினைத்து டீ வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். டீ ஆறிப்போனது.

அன்று முழுக்க அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குப் போய், தற்செயலாக ஆஸ்பத்திரி வாசலில் எதிர்ப்பட்ட மாதிரி நின்றால் என்ன? உலகு அவ்வளவு அசடா? 'உனக்கு எப்படிக்கா தெரியும்?' என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன பதில்? மறுபடியும் கண்ணாடியில் பார்த்தேன் என்றா? போகாமல் இருந்துவிட்டால், பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பாள். தோழியை மட்டும் இன்னும் ஒரு வாரம் விட்டுவைத்தால், ஊசியின் முடிவாவது தெரிந்துவிடும். ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில் தாஜுதீனின் வாப்பா மாதிரி இன்னும் எத்தனை பேருடைய வாப்பாவும் அம்மாவும் புருஷனும் வெளியே போவார்களோ, அதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்தாள். நினைத்துவிட்டு, ஒரு வாரம்தானே என்று மறுபடியும் நினைத்தாள்.

புதன்கிழமை மூடுபனி அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது. தாஜுதீன், வெள்ளைத்தாள் எடிட்டர்தான் என்று முடிவு எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். கோமதி எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெள்ளையாக இருந்ததால் கண்ணாடியில் அறை தெரிந்தது, அவள் திரை தெரிந்தது, எழுத்தெல்லாம் வலம் இடமாக மாறித் தெரிந்தது. அன்றைக்கும் இப்படித்தானே. பயம், பாசம், நல்லதுக்குத்தான் என்கிற நினைப்பு. இன்றைக்கும் அதே மூன்றையும் வைத்துக்கொண்டு அதே காரியத்தைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்!

கையெழுத்துப் போட்டாள்.

"மொதல்ல என் டப்பாவில இருந்து தோழியை எடு, தாஜு. இப்பவே எடு. நீயே உக்காரு."

"நீங்களே ரெண்டு தட்டு தட்டினா போயிருமேக்கா?"

"என்னால ஆகாது. நான் உக்காந்தா இன்னொரு தடவை பாத்துருவேன். நான் திரும்பிக்கிடுதேன். முடிஞ்சதும் சொல்லு."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தான். கோமதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வெறும் சுவர், போட்டோகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் சாவிகள் தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் "முடிஞ்சுட்டுக்கா" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

வெள்ளைத்தாள் பெயருக்கேற்ற மாதிரிதான் இருந்தது. 'டப்பா, கேளு' என்று அடித்தாள். பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். யாரும் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் அப்படியே போயின. தங்கை வீட்டுக் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது போனது. நம்பர் மனப்பாடம்தான், தைரியம்தான் இல்லை. விடிந்ததும் அலுவலகத்துக்குப் போய் விடுப்பு சொல்லிவிட்டு, அங்கேயிருந்து போன் பண்ணி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று கடைசியில் முடிவு பண்ணினாள். அன்று பார்த்ததையும் இன்று பார்த்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு, 'வரட்டுமாட்டி?' என்று கேட்க வேண்டியது.

திங்கட்கிழமை. அலுவலகத்தில் இன்னும் ஒருத்தரும் வரவில்லை. மின்விசிறியைக்கூடப் போடாமல் கோமதி உட்கார்ந்து அடித்தாள்.

'டப்பா, கேளு. இன்னைக்கு உலகுவுக்கு ஊசி. அவகிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். பயமா இருக்கு.'

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். இந்தத் தடவை அழித்தது அழிந்தே போனது. உலகத்தில் ஒரு மூலையிலும் அது இல்லை. அந்த நிம்மதி அவளுக்குப் புதுசாக இருந்தது. வெறும் வெள்ளைத் திரையையும் அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை ஜன்னலையும் பார்த்துக்கொண்டு, போனை எடுக்கக் கையை நீட்டினாள்.

தோளில் ஒரு கை பட்டது. ஈரமான கை.

"திரும்பு."

கோமதி திரும்பவில்லை. திரும்பினால் கனவு கலைந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை தோளை இன்னொரு தடவை அழுத்தியது.

"அதான் தொட்டுட்டேம்லா. திரும்புக்கா."

உலகு நின்றாள். சாரலில் நனைந்த தலை, நெஞ்சோடு அணைத்த ஆஸ்பத்திரி ஃபைல், பாலிதீன் பையில் சுற்றியிருந்தது. ஐந்து வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"உலகு... நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் மறுபடியும்..."

"படிச்ச. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டியே! ஒனக்கு மட்டும்தான் வந்துதுன்னு நெனச்சியா? ஒரு வருசமா நீ அழிச்சதெல்லாம் எனக்கு வந்துட்டுத்தான் இருந்துது. 'டப்பா, கேளு. போட்டோ கண்ணாடியை ஒடைச்சுப் போட்டுட்டேன்.' 'டப்பா, கேளு. மன்னிச்சிருன்னு யாருட்ட போய்ச் சொல்ல.' ஒவ்வொண்ணும் வரும். படிச்சிட்டு அழுவேன். அழுதுட்டு, இவ கெடக்கான்னு வேலையைப் பாப்பேன்."

கோமதிக்குக் காதுக்குள் அருவி விழுகிற மாதிரி இருந்தது.

"திடீர்னு நீ எழுதறது நின்னுட்டு. வெறும் 'டப்பா, கேளு' மட்டும் வருது, அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்பவே புரிஞ்சுட்டு, இவ என்னுதைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்னு."

"அப்ப அந்தக் கட்டி, ஊசி எல்லாம்..."

"நெஜந்தான். ஒரு வருசமா ஒன்னுதைப் படிச்சேனே தவிர நான் ஒண்ணும் எழுதல; இப்பத்தான் எழுத ஆரம்பிச்சேன், அது ஒனக்கு வரும்னு மொதல்ல தெரியாது. பெறகு, நீ பாக்கேன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். கேட்டுட்டு ஓடி வருவியோன்னு ஒரு ஆசை. வந்தா, மறுபடியும் ஒளிஞ்சு பாத்துட்டுத்தானே வந்தான்னு ஒரு வெறுப்பு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து சாவுதேன்." உலகு ஃபைலை மேஜையில் வைத்தாள். "வியாழக்கிழமையில இருந்து ஒண்ணுமே வரலை. 'டப்பா, கேளு'கூட வரலை. ஒனக்கு என்னமும் ஆயிட்டோன்னு ஒரு பயம். இல்ல, நீயா திரும்பிக்கிட்டியோன்னு ஒரு சந்தேகம். வந்து பாத்துரணும்னு மொத பஸ்ஸைப் பிடிச்சேன்."

"திரும்பிக்கிட்டேன்டி" என்றாள் கோமதி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். உலகு அவளை அணைத்துக்கொண்டாள். கோமதியின் தோள் ஈரமானது சாரலாலா வேறெதாலா என்று யார் கண்டது.

தாஜுதீன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவன், ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, வந்த வழியே டீக்கடைக்குத் திரும்பிப் போனான்.

உலகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து திரையைப் பார்த்தாள். வெறும் வெள்ளை. ஒரு மூலையில் கர்சர் சிமிட்டியது.

"இதுல ஒண்ணும் வராதா?"

"வராது."

"அப்ப நான் என்ன நெனைக்கேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

கோமதி கம்ப்யூட்டரை அணைத்தாள். ஃபைலை வாங்கித் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். குடையை எடுத்தாள்.

"பயமா இருக்காட்டி?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா" என்றாள் உலகு.